கல்யாணப் பத்திரிகையும் ஒரு பனையோலைப் பறியும்: ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை

பங்குனி மாதம் இரண்டாவது சனிக்கிழமை காலையில் ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போய் வந்தேன். போக வர எல்லாம் சேர்த்தாலும் நாற்பது கிலோமீட்டரைத் தாண்டாது. எங்கள் தெருவில் பயணம் என்றால் குற்றாலம், கொடைக்கானல் என்பார்கள். நான் இந்த நாற்பது கிலோமீட்டர் போக நாலு மாதம் பயந்துகொண்டிருந்தேன்.

எண்ணூர் ஆற்றங்கரையைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் இணையத்தில் என்னுடைய இந்தப் பக்கத்தைத் தேடி வருவதாக என் மகள் செல்வி சொல்கிறாள். ரயில், ஆட்டோ, டீ, எல்லாவற்றுக்கும் நேரமும் காசும் சரியாகக் குறித்து வைத்திருக்கிறேன். நடுநடுவே என் குடும்பச் சண்டையும் வரும். அதைத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். ஆனால் அதுதான் நன்றாக இருக்கும்.

புதிதாக வந்தவர்களுக்கு என்னைப் பற்றி: வயது ஐம்பத்திரண்டு. படிப்பு ஐந்தாவது. ஆறாவதுக்குப் போன முதல் வாரமே பள்ளிக்கூடமும் நானும் சண்டை சச்சரவு இல்லாமல் பிரிந்துவிட்டோம். இருபத்தாறு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைத்தேன். கை காலர் தைக்கும், மனசு கதை தைக்கும். கண்ணாடி போட்ட பிறகு அந்தக் கதைகளை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். போன வருஷம் அதில் ஒன்று நாவலாகவே வந்துவிட்டது. முன்னூறு பிரதி. பிழை திருத்தி டைப் அடித்தவள் செல்வி. “இன்னாமா, ஒரு பக்கத்துக்கு ஒரு முற்றுப்புள்ளிதான் வச்சிகீற” என்று தலையில் அடித்துக்கொள்வாள். நூல் தீரும் வரை மிஷினை நிறுத்தாமல் பழகியவளிடம் அவள் வேறென்ன எதிர்பார்க்கிறாள் என்று தெரியவில்லை.

நாவல் எண்ணூர் ஆற்றங்கரையில் நடக்கிறது. கதாநாயகி பெயர் வேணி. ஆற்றில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவள். எனக்கு அந்த வேலையில் ஒன்றும் தெரியாது. ஆனால் என் வீட்டுக்காரரின் தங்கை கஸ்தூரிக்குத் தெரியும். எண்ணூர்க் குப்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டு முப்பது வருஷமாக அவள் செய்வது அதுதான். சாயங்காலங்களில் போனில் கேட்டுக் கேட்டு எழுதினேன். தண்ணீர் எப்போது வற்றும், இறால் எங்கே பதுங்கும், கெளுத்தி மீன் குத்தினால் கை எப்படி வீங்கும், எல்லாம் சொன்னாள்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் வேணி மார்பளவு தண்ணீரில் நின்று இறால் தடவிக்கொண்டே, பக்கத்தில் இறால் தடவும் ஆறுமுகத்திடம் தன் காதலைச் சொல்கிறாள். இரண்டு பக்கத்துக்குச் சொல்கிறாள். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. டைப் அடிக்கும்போது செல்விக்குக் கலங்கியது. குப்பத்தில் மட்டும் ஒருத்தருக்கும் கலங்கவில்லை.

கஸ்தூரிக்குப் படிக்கத் தெரியாது. அவள் எதிர்வீட்டு அஞ்சலை தினமும் சாயங்காலம் குழாயடியில் உட்கார்ந்து ஒரு அத்தியாயம் வாசிப்பாளாம். சுற்றி நின்று பத்துப் பதினைந்து பேர் கேட்பார்களாம். “எங்க அண்ணி எழுதுனது. வெசயம் பூரா நான் சொல்லிக் குட்த்தது” என்று கஸ்தூரி முதல் நாளே எல்லாருக்கும் கல்கண்டு கொடுத்திருக்கிறாள். பன்னிரண்டாம் அத்தியாயம் வாசித்த அன்றைக்குக் குழாயடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததாம்.

ஏனென்றால் இறால் தடவுகிறவர்களுக்கு இரண்டு கையும் சேற்றில் இருக்கும். பிடித்ததைப் போட்டுக்கொள்ளப் பனையோலையில் முடைந்த ஒரு கூடை, அதற்குப் பெயர் பறி. அந்தப் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்து, தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்வார்கள். தண்ணீரில் இருக்கும் வரை வாயைத் திறக்க முடியாது. திறந்தால் பறி விழும், இறால் போகும். என் வேணி அதைக் கடித்துக்கொண்டே இரண்டு பக்கம் காதல் பேசியிருக்கிறாள். பதிலுக்கு ஆறுமுகம் அரைப் பக்கம் பேசியிருக்கிறான்.

கஸ்தூரி போன் போட்டாள்.

“இன்னா அண்ணி எழுதி வச்சிகீற? வாயில பறிய வச்சிகினு உன் வேணி எத்தால பேசுவா? மூக்காலயா?”

“நீதான எல்லாம் சொன்ன. வாய் விசயத்தச் சொல்லவே இல்லியே.”

“அத்த வேற சொல்லணுமா? சோத்த வாயால துன்றோம்னு யார்னா சொல்லிகினு இருப்பாங்களா? முப்பது வருசமா ஆத்துல எறங்குறேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு நான் வேல செய்யிறத வந்து பாத்துகீறியா நீ? பொங்கலுக்கு வருவ, குந்துவ, துன்னுவ, பூடுவ.”

இந்த இடத்தில் நல்ல மனுஷியாக இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். எனக்கோ பிறவியிலேயே வாய் நீளம். “மூக்காலதான் பேசுனா கஸ்தூரி. அதான் அந்தப் பையன் மயங்கிட்டான்” என்றேன். போன் கட் ஆனது. நாலு மாதம் பேச்சு இல்லை.

இதற்கு நடுவில் செல்விக்குக் கல்யாணம் குதிர்ந்தது. வைகாசியில் முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு முதல் நலங்கு வைக்க வேண்டியது அத்தை. செல்விக்கு இருப்பதே ஒரு அத்தை. என் வீட்டுக்காரர் போனில் தங்கையைக் கூப்பிட்டார். “அதான் வேணினு ஒருத்தி கீறாளே, அவளக் கூப்ட்டு நலங்கு வெச்சிக்க” என்று வைத்துவிட்டாள். அன்றைக்கு செல்வி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போனவள் சமையல்கட்டிலேயே ரொம்ப நேரம் நின்றாள். சின்ன வயதில் இரண்டு வருஷம் அவளைத் தூக்கி வளர்த்தவள் கஸ்தூரி. அதனால் சனிக்கிழமை நானே நேரில் போவது என்று முடிவு செய்தேன்.

“நீயும் வாய்யா” என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“நான் வந்தா ரெண்டு பேரும் சேந்து என்னத் திட்டுவீங்க. நீ மட்டும் போனா உன்ன மட்டும் திட்டுவா” என்று போர்வையை இழுத்துக்கொண்டார். துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர், எந்தச் சுமை எங்கே சாயும் என்று நன்றாகத் தெரியும்.

காலை 6.35க்கு வீட்டை விட்டுக் கிளம்பினேன். வயர்க் கூடையில் எவர்சில்வர் தட்டு, வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், ஆறு வாழைப்பழம், கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை, பிளாஸ்டிக் கவரில் பத்திரிகை. ராயபுரம் ஸ்டேஷன் எங்கள் வீட்டிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். டிக்கெட் ஐந்து ரூபாய். ஐந்து ரூபாய்க்கு இன்றைக்கு வேறு எதுவும் உங்களை இத்தனை தூரம் கொண்டுபோகாது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகிற வண்டி என்று கேட்டு ஏறுங்கள். நான் ஏறிய வண்டி 6.52க்கு வர வேண்டியது, 7.04க்கு வந்தது. இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்குள் ஒரு சிறுகதை எழுதிவிடலாம்.

கிழக்குப் பார்த்த ஜன்னலோரம் வேண்டாம், வெயில் கண்ணைக் குத்தும். கொருக்குப்பேட்டையில் வண்டி கொஞ்சம் மூச்சு வாங்கும், பதற வேண்டாம். பக்கத்துத் தண்டவாளத்தில் டேங்கர் வேகன்கள் வரிசையாக நிற்கும். நான் எண்ணிக்கொண்டே வந்து முப்பத்தெட்டில் விட்டுவிட்டேன். திருவொற்றியூரில் பூக்கூடைகள் இறங்கின, டிபன்பாக்ஸ்கள் ஏறின. அதற்கு மேல் மணலிப் பக்கத்துக் காற்று திரும்பினால் ஜன்னலோர இடத்தை உங்களுக்கு அன்பாக விட்டுக்கொடுப்பார்கள். அந்த அன்பை நம்பாதீர்கள்.

7.38க்கு எண்ணூர். ஸ்டேஷனுக்கு வெளியே டீ பன்னிரண்டு ரூபாய், சூடும் திக்கும் சரியாக இருந்தது. பயத்தில் இரண்டாவது டீயும் குடித்தேன். ஆற்றங்கரைக் குப்பம் அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் சொச்சம். ஆட்டோக்காரர் நூற்றிருபது கேட்டார், நூறுக்கு இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும், காதோரம் மட்டும் நரைத்தவர்.

“குப்பத்துல யாரு வூடுக்கா?”

“கஸ்தூரி வூடு.”

“எந்தக் கஸ்தூரி? ரெண்டு மூணு கீதே. மாவு மில்லு கஸ்தூரியா?”

“இறால் புடிக்கிற கஸ்தூரிப்பா.”

“ஓ, வேணி கஸ்தூரியா! அப்டி சொல்லுக்கா.”

ஒன்றும் தெரியாதவள் போல, “அது இன்னாப்பா வேணி?” என்று கேட்டேன்.

“அத்த ஏன்க்கா கேக்குற. அதோட அண்ணி ஒண்ணு ராயபுரத்துல கீது. புக்கு எழுதுது. ஆத்துல ஒரு பொம்பள வாயில பறிய வச்சிகினு ரெண்டு பக்கம் டயலாக் வுடுதுனு எழுதிகீது. ஒரே தமாசு. என் வூட்ல அத்த நெனச்சி நெனச்சி சிரிச்சிகினு கெடந்துச்சி.”

“புக்கு எப்டி கீதாம்?”

ஒரு டிரெய்லர் லாரிக்கு ஒதுங்கி, ஹாரன் அடித்து, மறுபடி ரோட்டுக்கு ஏறிய பிறகு யோசித்துச் சொன்னார். “புக்கு நல்லாத்தான் கீதாம்க்கா. கடேசில அந்தப் பொண்ணு வூடு கட்டிக் குடி போற எடத்துல என் சம்சாரம் அழுதுச்சு. அந்த ஆத்து மேட்டரு மட்டும் உடான்சு.”

என் நாவலுக்கு இதுவரை வந்த விமரிசனங்களில் இதுதான் நேர்மையானது. இறங்கும்போது நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு, “நான்தாம்பா அந்த அண்ணி” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வயர்க் கூடையில் தெரிந்த தட்டைப் பார்த்தார், இருபது ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். “வச்சிக்கக்கா. உனக்கு இன்னிக்கு பேஜாரு கீது.”

ஆகவே ஆட்டோ எண்பது ரூபாய். உங்களுக்கு நூறு ஆகும், நீங்கள் நாவல் எழுதியிருக்காவிட்டால்.

8.10க்கு கஸ்தூரி வீட்டு வாசலில் நின்றேன். புடவைக்கு மேல் அவள் புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, கையில் பறியோடு வெளியே வந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் அஞ்சலையும் அதே கோலத்தில். என்னைப் பார்த்ததும் கஸ்தூரி முகம் பூட்டுப் போட்ட கடை மாதிரி ஆனது.

“தண்ணி வத்துற நேரம். எனக்கு வேல கீது” என்றாள்.

“பத்திரிகை வைக்க வந்தேன் கஸ்தூரி.”

“இன்னா, வேணி வரலியா?”

என் நாக்கு நுனிக்கு மூன்று பதில் வந்தது. மூன்றும் நல்ல பதில்கள். மூன்றையும் முழுங்கினேன். “இல்ல, நான் மட்டும்தான். நீ வேல செய்யிறதப் பாக்கவும் வந்தேன்” என்றேன்.

அவள் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள். அஞ்சலை இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள், சீரியலில் விளம்பரத்துக்கு முன்னால் பார்ப்பது மாதிரி.

“பாத்துட்டுப் பூட்டா மட்டும் போதுமா?” என்றாள் கஸ்தூரி. “எறங்கு. ஒரு கைப்புடி எறா புடி. கரைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா கரைக்கிப் போய்ட்டு மறுக்கா மொதல்லேர்ந்து வரணும். அப்டிப் புடிச்சிகினு வந்துட்டினா பத்திரிகய வாங்கிக்கிறேன். கல்யாணத்துக்கு வர்றேன்.”

“முடியலனா?”

“வாழப்பழத்த வச்சிட்டுப் போ.”

அஞ்சலை வீட்டிலிருந்து எனக்கு ஒரு சட்டையும் பழைய பறி ஒன்றும் வந்தன. கூடையைக் கரையில் ஒரு படகின் மேல் வைத்துவிட்டு இறங்கினேன். நேரம் 8.30.

ஆற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் புகைபோக்கிகள், தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கும் மின்கோபுரங்கள், தூரத்தில் ரயில் பாலம். இன்னொரு பக்கம் அலையாத்திப் புதரும் வெள்ளைக் கொக்குகளும். இரண்டுக்கும் நடுவில் கழுத்துக்கு மேலே மட்டும் தெரிய ஏழெட்டு ஆண்கள் இறால் தடவிக்கொண்டிருந்தார்கள். எல்லார் வாயிலும் பறி. அத்தனை பேர் இருந்தும் அத்தனை அமைதியான வேலையிடத்தை நான் பார்த்ததில்லை. எங்கள் தையல் கம்பெனியில் மிஷின் சத்தத்தை மீறி நாங்கள் பேசிய பேச்சில் பாதியைக் கூட இவர்கள் வாழ்நாளில் பேசியிருக்க மாட்டார்கள்.

தண்ணீருக்கு அடியில் தரையின் மேலே சாம்பல் மாதிரி ஒரு வழவழப்பு. கால் வைத்தால் முழங்கால் வரை வாங்குகிறது. “மேல கீறது கலீஜு. எறா அதுக்குக் கீழ கீற சேத்துல குந்திகினு இருக்கும். ரெண்டு கையையும் விரிச்சி, தடவி, கோழிக் குஞ்ச மூடுற மாதிரி மூடு. அழுத்தாத” என்று சொல்லிவிட்டுக் கஸ்தூரி பறியைக் கடித்துக்கொண்டாள். அதோடு பாடம் முடிந்தது.

நானும் கடித்துக்கொண்டேன். பனையோலை உப்புக் கரித்தது. பல் கூசியது. ஐந்து நிமிஷத்தில் தாடை வலித்தது. கைக்குள் சேறு, கிளிஞ்சல், யாரோ தொலைத்த செருப்பு. பத்தாவது நிமிஷம் விரல்களுக்குள் ஏதோ துள்ளியது. மூடினேன். மேலே எடுத்தேன். கண்ணாடி மாதிரி ஒரு இறால், என் நடுவிரல் நீளம்!

“கஸ்தூரி! மாட்டிகிச்சு!”

பறி போனது. பறியைப் பிடிக்கப் போன கையிலிருந்து இறாலும் போனது. கஸ்தூரி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல முடியாது. தாடையால் கரையைக் காட்டினாள். அந்தச் சேற்றில் அறுபது அடி நடந்து, கரையைத் தொட்டுவிட்டு, திரும்பி வந்தேன். காலில் யாரோ சிமெண்டு பூசினது போல இருந்தது.

இரண்டாம் தடவை நிஜமாகவே நன்றாகச் செய்தேன். அரை மணி நேரத்தில் நாலு இறால். அப்போதுதான் அந்த ஆண்கள் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. ஒருவர் கஸ்தூரியைப் பார்த்து, பறியைக் கடித்தபடியே, “ம்ம்ம்? ம்ம் ம்ம்ம்ம்?” என்று காதல் வசனம் போல ராகம் இழுத்தார். இன்னொருவர், “ம்ம்ம்!” என்று பதில் சொன்னார். எல்லாருக்கும் தோள் குலுங்கியது.

எனக்குப் புரிந்துவிட்டது. நாலு மாதமாகத் தினம் இதுதான். கஸ்தூரி திரும்பிப் பார்க்காமல் சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். காது மட்டும் சிவந்திருந்தது. என் வாழ்நாளில் நான் கலாய்க்காத ஆள் கிடையாது. மாமியாரைக் கலாய்த்திருக்கிறேன், சூப்பர்வைசரைக் கலாய்த்திருக்கிறேன். எல்லாருக்கும் வாய் இருந்தது, திருப்பிக் கொடுத்தார்கள், கணக்குத் தீர்ந்தது. இவளோ வாயில் பறியோடு நின்றுகொண்டு தினமும் வாங்கிக்கொண்டிருக்கிறாள். வாங்கிக் கொடுத்தவள் நான்.

“யோவ்! அந்த வேணிய எழுதுனது நான்யா! அவ சரியாத்தான் சொன்னா, நான்தான் தப்பா எழுதுனேன். பண்றதுனா என்னப் பாத்துப் பண்ணுங்க!”

என் நாலு இறாலும் பறியோடு மிதந்து போயின. ஆண்கள் பக்கம் சத்தம் நின்றது. ராகம் இழுத்தவர் சடக்கென்று குனிந்து சேற்றில் மும்முரமானார்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கரையைக் காட்டவில்லை. சட்டம் சட்டம்தானே என்று, மிதந்து போன பறியைப் பிடித்துக்கொண்டு நானாகவே நடந்து போய்க் கரையைத் தொட்டேன். திரும்பி வந்து பறியைக் கடித்துக்கொண்டு நின்றபோது, அவள் தண்ணீருக்குள்ளேயே நகர்ந்து என் பக்கம் வந்தாள். தன் பறிக்குள் கையை விட்டு நாலு இறாலை எடுத்து என் பறியில் போட்டாள். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு மாதமாக அவளிடம் சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தொண்டையில் வந்து நின்றது. சொல்ல முடியவில்லை. பறி இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மூன்று பொம்பளைகள் ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். தெருவில் சொன்னால் நம்ப மாட்டார்கள். கஸ்தூரியின் கைகளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். சேற்றுக்குள் போனால் திரும்பி வரும்போது வெறுமனே வரவில்லை. நான் ஒன்று பிடிக்கும் நேரத்தில் அவள் ஆறு பிடித்தாள். முப்பது வருஷமாகப் பொங்கலுக்குப் போய் இதே கைகள் வைத்த இறால் தொக்கைத்தான் இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டிருக்கிறேன்.

என் பறியில் பதினொன்று சேர்ந்தது. கைப்பிடி ஆகிவிட்டது என்று கஸ்தூரி தலையாட்டினாள். கரைக்குத் திரும்ப நடந்தோம். பாதி வழியில், தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கியபோது, ஒரு நண்டு என் கால் கட்டை விரலைக் கவ்வியது.

எப்படி வலித்தது என்று எழுத முடியாது. கண் இரண்டும் வெளியே வந்துவிடும் போல இருந்தது. “ஐயோ” என்கிற வார்த்தை வயிற்றிலிருந்து கிளம்பி வாய் வரை வந்து, பறியைப் பார்த்துத் திரும்பிப் போனது. பல்லை இன்னும் இறுக்கினேன். கைகளை விரித்து, ஒற்றைக் காலில், மூக்கால் மட்டும், “ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்!” என்றேன்.

கஸ்தூரி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். அவள் தோள் ஒரு தடவை ஆடியது. மூக்கிலிருந்து ஒரு சத்தம். அப்புறம் அடக்க முடியாமல், தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுசாகத் திறந்து சிரித்தாள்.

அவள் பறி விழுந்தது.

அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். பறி கவிழ்ந்து இறாலெல்லாம் நாலா பக்கமும் தெறித்து ஓடியது. அவள் கையை நீட்டிப் பிடிக்கக் கூட இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை தன் பறியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஓடிவிட்டாள், தனக்கும் சிரிப்பு வந்துவிடும் என்ற பயத்தில். நண்டை உதறிவிட்டு நான் மட்டும் பறியைக் கடித்தபடி கரை ஏறினேன். ஏறியதும் திரும்பிக் கஸ்தூரியைப் பார்த்து, பறியை எடுக்காமலே, “ம்ம்ம்?” என்றேன். அவளுக்கு இன்னொரு சுற்றுச் சிரிப்பு வந்தது.

“கஸ்தூரி, வாயத் தொறந்துட்ட” என்றாள் அஞ்சலை. “சட்டப்படி நீதான் இப்போ மொதல்லேர்ந்து எறங்கணும்.”

“முப்பது வருசத்துல மொத தபாடி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள் கஸ்தூரி. “கெளுத்தி குத்துனப்போ வுழல. தண்ணிப் பாம்பு சுத்துனப்போ வுழல. இதுக்கு வுழுந்துச்சி பாரு.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “அண்ணி, அத்த மாத்திடு. உன் வேணி ரெண்டு பக்கம்லாம் பேச வேணாம். அந்த ஆறுமுகம் எதுனா கோணங்கி பண்ணட்டும். இவ சிரிக்கட்டும். பறி வுழட்டும். எங்க ஊர்ல ஒருத்தி ஒருத்தனுக்காக வேலயில பறிய வுட்டானா, அதுக்கு மேல கேக்குறதுக்கு இன்னா கீது?”

நானும் பத்து வருஷமாக எழுதுகிறேன். இப்படி ஒரு இடம் எனக்குத் தோன்றவே இல்லை.

படகின் மேலிருந்த கூடையை எடுத்து, என் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தட்டில் எல்லாவற்றையும் அடுக்கி, கவரைப் பிரித்துப் பத்திரிகையை மேலே வைத்து நீட்டினேன். அவள் இரண்டு கையும் முழங்கை வரை சேறு.

“கைய கழுவிகினு வா. நிக்கிறேன்.”

“நான் கைய கழுவிகினு வர்றதுக்குள்ள நீ இன்னொண்ணு பேசி கெடுத்துருவ” என்றாள். குனிந்தாள். மஞ்சள் தடவிய மூலைக்குக் கொஞ்சம் தள்ளி, பத்திரிகையின் ஓரத்தைப் பல்லால் கவ்வி எடுத்துக்கொண்டாள். வீட்டு வரைக்கும் அப்படியே நடந்தாள். வழியில் பார்த்த நாலு பேர் என்ன என்று கேட்டார்கள். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. நான்தான் சொல்லிக்கொண்டே போனேன், எங்கள் செல்விக்குக் கல்யாணம், முதல் நலங்கு இவள்தான் வைக்கிறாள் என்று.

திரும்ப வந்த கதை சின்னது. அவள் வீட்டில் குளித்து, சாப்பிட்டு, என் பதினொரு இறாலையும் வயர்க் கூடையில் எடுத்துக்கொண்டு, ஒரு மணிக்கு ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷன், முப்பது ரூபாய். 1.25 வண்டி சொன்ன நேரத்துக்கு வந்தது. 2.10க்கு ராயபுரம். வீட்டுக்காரர் என் நடையைப் பார்த்து, “அடிச்சாளா?” என்று கேட்டார். நண்டு என்றேன். நம்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: காலை எட்டு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள், வெயிலுக்கும் லாரிகளுக்கும் முந்திக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். ரோட்டில் தூசி அதிகம், மூக்குக்குத் துணி வேண்டும். கரையிலிருந்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாருங்கள், ஊர்க்காரர்கள் துணை இல்லாமல் தண்ணீரில் இறங்காதீர்கள். சேறு ஆழம் தெரியாமல் வாங்கும், கெளுத்தி முள் விஷம். வேலையில் இருக்கிறவர்களிடம் கேள்வி கேட்காதீர்கள், அவர்களால் பதில் சொல்ல முடியாது என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். இறால் வாங்குவதானால் பத்தரை மணிக்குக் கரையிலேயே நில்லுங்கள், அப்போது வருவது உயிரோடு துள்ளும். ஆக மொத்தம் என் செலவு இரண்டு டீயோடு நூற்று நாற்பத்து நாலு ரூபாய், புடவையைச் சேர்க்காமல்.

நாவலின் அடுத்த பதிப்புக்குத் திருத்தம் அனுப்பிவிட்டேன். இரண்டரைப் பக்கம் போய், ஏழு வரி வந்திருக்கிறது. அந்த ஏழு வரியில் ஒருவரும் பேசவில்லை.

இதை டைப் அடித்துக்கொண்டிருக்கும் செல்வி இப்போது திரும்பிப் பார்த்து, “பதினோரு எறாலும் நீ புடிச்சதாமா?” என்று கேட்கிறாள். ஏழு நான் பிடித்தது, நாலு உன் அத்தை போட்டது என்றேன். எது யாருடையது என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும். கொண்டுவந்த அன்றைக்கே ஒரே சட்டியில் போட்டுத் தொக்கு வைத்தேன்.